செக்ரோலும் சிறு புத்தகமும்

சென்ற ஆண்டு எங்கள் பகுதிப் பாடசாலைகளின் கைப்பணிக் கண்காட்சி ஒன்றுக்கு நடுவராக இருக்கும்படி என்னையும் அழைத்திருந்தனர். தமிழ்ப் பண்டிதனுக்குக் கைப்பணியில் என்ன தீர்ப்பு என்று தயங்கினேன். நடுவர் மூவருள் ஒருவர் வாராமையால், நாற்காலி வெறுமையாக இருத்தலாகாது என்று என்னை அதில் இருத்திவிட்டனர். மண்டபம் கண்ணைப் பறித்தது. ஃபெல்ட் துணியில் வெட்டிய ரோசாக்கள், பளபளக்கும் தூள் தூவிய வாழ்த்து அட்டைகள், தோல் போலத் தோன்றும் றெக்சினில் தைத்த பணப்பைகள், வண்ணக் கடதாசிச் சுருள்களாலான மயில்கள் எனப் பலவும் வரிசையாக இருந்தன. அவற்றின் மூலப்பொருள்களிற் பெரும்பாலானவை நகரத்துக் கடைகளில் அளவாக வெட்டி, பையிலிட்டு விற்கப்படுபவை. ஒட்டுவது மட்டுமே பிள்ளையின் வேலை. சிலவற்றில் அதுவுந் தாயின் வேலை. கொழுந்தெடுக்கும் தாயொருத்தி ஒரு நாட் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய ரோசாவும் அங்கே இருந்திருக்கும்.

மேசையின் ஓரத்தில் உள்ளங்கையிலுஞ் சற்றுப் பெரிதான ஒரு புத்தகம் கிடந்தது. பழைய கம்பளித் துண்டொன்று அதன் மேலுறை. எழுதாது எஞ்சிய கொப்பித் தாள்களை மடித்து, மூன்று துளையிட்டுக் கறுப்பு நூலால் தைத்திருந்தாள் ஒரு சிறுமி. தையல் கோணியிருந்தது. தாள்களின் ஓரமும் ஒழுங்காக இல்லை. திறந்து பார்த்தேன். தாலாட்டுகள் பதினொன்று, ஒப்பாரிகள் ஆறு, கும்மிப் பாட்டுச் சில. அருகே நின்றவளை நோக்கினேன். “சேர், இதெல்லாம் எங்க அம்மாயி சொன்னது. நான் எழுதினது மட்டுந்தான்” என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவளைப் போல.

எங்கள் கையிலிருந்த புள்ளித்தாளில் நேர்த்திக்கு 40, வண்ணத்துக்கு 30, புதுமைக்கு 30 என வகுத்திருந்தனர். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு நிரலும் இல்லை. நேர்த்திக்கு 15 இட்டேன். மற்றவற்றையும் அதற்கேற்பவே இட்டேன். பரிசு ரோசாக் கூடைக்குப் போயிற்று. அத்தாளில் என் கையொப்பமும் உண்டு. இக்கட்டுரையை அந்தக் கையொப்பத்துக்கு நானே எழுதும் மறுப்பு என்று வாசகர் கொள்ளலாம்.

நான் சொல்ல வந்தது இது. சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் கைப்பணிக்கென ஒதுக்கும் வேளையை, பிள்ளைகள் தம் கையாலே புத்தகம் கட்டப் பழகுவதற்குத் தருதல் வேண்டும். கடதாசி, தோல், கம்பளி ஆகிய மூன்றையும் அவர்கள் அந்தப் புத்தகத்தின் பொருட்டுக் கற்கட்டும். அப்புத்தகத்துள் தம் வீட்டு மூத்தோரின் சொல்லை எழுதட்டும். ரோசாவும் மயிலும் வேண்டாம் என்பதன்று என் கருத்து. அவற்றுக்கு இன்னும் நாளுண்டு, அம்மாயிகளுக்கு இல்லை.

பண்டிதன் ஒருவன் நூலைப்பற்றிப் பேசத் தொடங்கினால் நன்னூலை இழுக்காமல் விடுவானா என்று மாணாக்கர் சிரிப்பர். சிரிக்கட்டும். புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், சொல்லைப் பஞ்சாகவும், அவன் வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகஞ் செய்யும் பாட்டு ஒன்று நன்னூற் பாயிரத்தில் உண்டு. வகுப்பிலே இதனை முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஒரு நாளேனும் ஓர் ஊசியையும் நூலையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனதில்லை. பிள்ளைகள் உருவகத்தைப் பாடமாக்கினர்; பரீட்சையில் எழுதினர். நூல் என்பது தைக்கப்படுவது என்னும் எளிய உண்மை அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்குந் தோன்றவில்லை.

நம் முன்னோர் அவ்வாறு இருந்தாரல்லர். ஏடு எழுதியவன் ஏடு செய்யவும் அறிந்திருந்தான். ஓலையைப் பக்குவமாக எடுத்து, நிழலில் உலர்த்தி, நீரில் அவித்து, மீண்டும் உலர்த்தி, மேனியைத் தேய்த்து வழுவழுப்பாக்கி, ஒரே அளவாக நறுக்கித் துளையிட்டு, ஒரு துளையிற் கயிறுங் கோத்து மறு துளையில் நாராசமுஞ் செருகி, மேலுங் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவதுவரை அனைத்தும் கல்வியின் பகுதியாகவே இருந்தன. கயிற்றின் தலைப்பிலே ஓலையைக் கிளியின் மூக்குப் போல நறுக்கி முடிந்து வைப்பார்கள். கயிறு துளையிலிருந்து நழுவாதிருத்தற்கு இஃது உபாயம். எழுத்தாணியாற் கீறிய எழுத்துக் கண்ணுக்குத் தெரியும்படி மஞ்சளும் இலைச்சாறுங் கரியுங் கூட்டி மை தடவுவார்கள். ஏட்டைப் பூச்சி அரிப்பதற்குள் வேறோர் ஏட்டிற் பெயர்த்தெழுதினர். அந்தக் கை ஓய்ந்த இடங்களிலே நூல்களும் ஓய்ந்தன. ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பெற்ற புகழுக்கெல்லாம் அடியில், பெயர் தெரியாத பெயர்த்தெழுதுவோர் நூற்றுக்கணக்கானோரின் விரல்கள் இருக்கின்றன.

சப்பிரகமுவையும் ஏட்டின் நாடேயாகும். இங்குள்ள சிங்கள மக்கள் எழுதியது பனையோலையில் அன்று, தாளிப்பனையின் ஓலையில். ஆயுளில் ஒரே முறை பூத்துக் காய்த்து மடியும் பெருமரம் அது. இளங்குருத்தை எடுத்து நரம்பு நீக்கி, அவித்து உலர்த்தி, வழுவழுப்பான கமுகந்தண்டின் மேலே முன்னும் பின்னும் இழுத்து மெருகேற்றுவர். விகாரைகளில் இன்றும் அவ்வேடுகள் உள்ளன. நம் தோட்டங்களின் எல்லையிலேயே இத்தகைய கலை இருந்தும், வேலிக்கு இப்பாலுள்ள பிள்ளைகளுக்கு அஃது ஒரு பாடமாகக்கூடக் காட்டப்படவில்லை. நாமும் கேட்டோமல்லேம்.

இம்மாகாணத்து மண்ணிலே நடந்து, பின்னர்க் கையாலே ஒரு பெருநூல் செய்த தமிழர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். அவர் 1904ஆம் ஆண்டில் விவரித்துக் கூறிய தோரியனைற்று என்னும் கனிப்பொருள் பலாங்கொடைப் பகுதியைச் சேர்ந்தது. கல்லைத் தேடிச் சென்றவரின் கண் கைவினைஞரின் மேல் விழுந்தது. ஓவியரையும் கொல்லரையும் தச்சரையும் பாய் முடைவோரையும் கண்டார். அவர்தம் தொழில் அழிந்து வருவதையும் கண்டார். அவருடைய மனைவியார் எதெல் அம்மையார் ஒளிப்படங்கள் எடுத்துத் துணைபுரிந்தார். அவ்வம்மையாரே பிற்காலத்தில் எதெல் மைறே என்னும் பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறி நெசவாளரானார்.

இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிக் குமாரசுவாமி எழுதிய அந்நூலை எந்த அச்சகத்தாரும் அச்சிட்டிருப்பர். அவர் அவ்வாறு விடவில்லை. இங்கிலாந்தில் புறோட் கம்ப்டன் என்னும் சிற்றூரில், பழைய தேவாலயம் ஒன்றைத் திருத்தியமைத்த தம் இல்லத்திலேயே அச்சு வேலையை நடத்தினார். வில்லியம் மொறிஸ் என்னும் பெரியார் சோசரின் பாடல்களை அச்சிட்ட அதே கையச்சுப் பொறியை அவர் பயன்படுத்தினார். 1907 செப்தெம்பரில் தொடங்கிய வேலை 1908 திசெம்பரில் முடிந்தது. ஏறத்தாழ 15 மாதங்கள். அச்சிட்ட படிகள் 425. எந்திரம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கைகளைப் பற்றிய நூலைக் கைகளாலேயே செய்தார். பொருளும் வடிவும் ஒன்றையொன்று பொய்யாக்காத நூல் என்று இதனைத்தான் சொல்ல வேண்டும். விரைவாகவும் மலிவாகவும் ஆயிரம் படிகள் போட்டிருக்கலாமே என்று கேட்பவர் இருப்பர். அக்கேள்விக்கு அந்த 425 படிகளுள் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்ப்பதே விடை. எனக்கு ஒரு முறைதான் அந்தப் பேறு கிட்டியது, அதுவும் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று.

அவர் சப்பிரகமுவையில் நடந்த அதே ஆண்டுகளில், தேயிலைத் தோட்டங்களிலும் புதிதாக எழுந்த றப்பர்த் தோட்டங்களிலும் நம் பாட்டன் பாட்டிமார் இருந்தனர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆகவே அந்நூலில் அவர்களைத் தேடுவது முறையன்று. வேறொரு புத்தகத்தில் அவர்கள் இருந்தனர். அதற்குச் செக்ரோல் என்று பெயர்.

நான் றப்பர்த் தோட்டத்திற் பிறந்தவன். என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டத்து அலுவலகத்தில் சிறுவனாக நான் கண்ட முதற் பெரும் புத்தகம் செக்ரோல்தான். தோல் வைத்த முதுகு, துணி ஒட்டிய தடித்த மட்டை, மேசையை நிறைக்கும் அகலம். கணக்கப்பிள்ளை அதனைத் திறந்தால் லயமே மூச்சடக்கும். முழுப்பேரா அரைப்பேரா என்பது அங்கேதான் முடிவாகும். காலையில் ஐந்து நிமிடம் பிந்தியவளுக்கும், கொழுந்து நிறை குறைந்தவளுக்கும் அரைப்பேர். மொழியிலே எத்தனையோ கொடுஞ்சொற்களை இலக்கண நூல்கள் வகைப்படுத்துகின்றன. ‘அரைப்பேர்’ என்பதற்கு ஈடானதை நான் கண்டதில்லை. ஓர் ஆளின் பெயரையே பாதியாக வெட்டும் சொல் அது.

செக்ரோலுக்கு முன்னும் தாள்தான். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு மாறக் கடனைக் குறித்த துண்டுச் சீட்டு வேண்டும். 1921இல் அம்முறை ஒழிக்கப்படும்வரை எத்தனை குடும்பங்களின் விதி ஒரு சிறு துண்டிலே தொங்கிற்று. பின்னர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்தமைக்குத் தாள் காட்டு என்றது. தகரக் கூரையின் கீழே ஒழுகும் லயத்தறையில் எவன் வைத்திருந்தான் தாள்? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இன்னார் இங்கே, இன்னார் அங்கே எனப் பகுத்ததும் தாளிலேதான். நம் மக்களை எழுதியவர்கள் எல்லாரும் வேறு யாரோ. நம் மக்கள் தம்மைத் தாமே எழுதியதும், எழுதியதைக் கட்டியதும், கட்டியதைப் பூட்டி வைத்ததும் மிகச் சில.

அந்தச் சிலவும் அருமையானவை. ஆபிரகாம் யோசேப்பு என்பார் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி 1869இலேயே அச்சேறிற்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்களின் நிலைமையைப் பாட்டாக்கி 1940இற் சிறு நூலாக வெளியிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் வந்தது. பின்னும் சிலர் முயன்றுள்ளனர். ஆயினும் சப்பிரகமுவையின் நிலை தனியானது. நுவரெலியாவைப் போல மலைக்கு மலை தமிழ்க் குடியிருப்பு இங்கே இல்லை. தெகியோவிட்டை, எட்டியாந்தோட்டை, இறக்குவானை, காவத்தை என்று சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் தோட்டங்கள் நம்முடையவை. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இரத்தினபுரிப் பக்கத்து லயங்கள் எரிந்தபோது, பெட்டியில் இருந்த பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு பாட்டெழுதிய கொப்பியும் எரிந்தது. வவுனியாவுக்கு ஓடியவர் சிலர். இராமேசுவரத்துக்குக் கப்பலேறியவர் பலர். பாட்டு அறிந்தவர்கள் ஒரு பக்கமும் கேட்டு வளரவேண்டிய பேரர்கள் மறுபக்கமுமாயினர்.

எரித்தவர்கள்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நான் தப்பிக்க இயலாது. என் கையாலும் ஒன்று அழிந்தது.

ஆசிரியனாக நான் முதலிற் போன தோட்டத்திற் காமன் கூத்து வாத்தியார் ஒருவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். மாசி மாதத்திற் காமன் ஊன்றியது முதல் தகனம் வரை அவர் குரல்தான் தோட்டத்தை நடத்தும். ரதி புலம்பலும், எரிந்த கட்சி எரியாத கட்சி லாவணியும் அடங்கிய கொப்பியொன்று அவரிடம் இருந்தது. தம் ஆசானிடம் கேட்டு எழுதியது. ஒருநாள் மழையில் அதனைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். “வாத்தியாரய்யா, நீங்க படிச்சவங்க. எனக்குப் பொறகு இது வீணாப் போயிரக் கூடாது” என்று கொடுத்துவிட்டுப் போனார். நான் படித்தவன் அல்லவா? தொல்காப்பியத்துக்கு உரை கண்டவர் எத்தனை பேர் என்று கேட்டால் விரல் மடக்கிச் சொல்வேன். கிழிந்த தாளை எப்படிக் காப்பது என்று எனக்குத் தெரியாது. கடையிற் பளபளப்பான ஒட்டுநாடா வாங்கி, கிழிந்த இடமெல்லாம் ஒட்டினேன். முதுகிலே இரும்புக் கம்பியை அடித்தேன். மழைக்காப்பென்று பொலித்தீனில் இறுகச் சுற்றி அலுமாரியில் வைத்தேன். நல்லது செய்தோம் என்ற திருப்தியோடு மாற்றலாகிப் போனேன். கொப்பியும் என்னோடு பல வீடு மாறிற்று.

ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் திறந்தேன். ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இரத்தினபுரி ஈரம் பொலித்தீனுக்குள்ளே சிறைப்பட்டுப் பூஞ்சணமாகியிருந்தது. நாடாவின் பசை தாளுக்குள் ஊறிப் பழுப்பேறி, எழுத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டது. கம்பி துருப்பிடித்து நடுத்தாள்களைத் தின்றிருந்தது. பேனை மை நீலக்கறையாகப் பரவியிருந்தது. லாவணியில் எரிந்த கட்சியின் கேள்விகள் சில எஞ்சின. எரியாத கட்சியின் விடைகள் எல்லாம் போயின. வாத்தியார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கும்போது இன்றும் நா எழுவதில்லை.

நான்கு நாள் ஒரு பைண்டரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கொப்பி பிழைத்திருக்கும். பின்னர் உட்கார்ந்தேன். நகரத்தில் வழக்குக் கட்டுகளும் கணக்குப் புத்தகங்களும் கட்டும் முதியவர் ஒருவரிடம் விடுமுறைதோறும் சென்று கற்றேன். தாளை அதன் நார் ஓடும் போக்கறிந்து மடித்தல் வேண்டும் என்பதும், நார்ப்போக்குக்குக் குறுக்கே மடித்தால் புத்தகம் எக்காலமும் வாய் பிளந்து நிற்கும் என்பதும் அங்கே அறிந்தேன். பாரம் பாரமாக மடித்த தாள்களை நாடாவின்மேல் பருத்தி நூலால் தைத்தல், கோதுமை மாப்பசையில் மயில்துத்தம் சிறிது கலந்து பூச்சியை விலக்கல், முதுகில் மெல்லிய துணி ஒட்டல், மட்டையைச் சேர்த்துப் பலகைகளுக்கிடையே பாரம் ஏற்றி ஒரு நாள் விடுதல் என ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. மயில்துத்தம் நஞ்சாதலால் பிள்ளைகள் கையில் அதனைக் கொடுத்தல் கூடாது. வகுப்பிற் பசையை அன்றன்று புதிதாகக் காய்ச்சிக்கொள்வதே தக்கது. றப்பர்ப் பால் தோட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, அதையே பசையாக்கினால் என்ன என்று நானும் கெட்டிக்காரத்தனம் பண்ணிப் பார்த்தேன். முதல் மாதம் உடும்புப் பிடி. சில ஆண்டில் மஞ்சளித்து, பிசுபிசுத்து, பின்பு நொறுங்கிற்று. நம் மண்ணின் பொருள் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கடதாசியும் நாமே செய்யலாம். கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975 முதல் யானைகளின் அனாதை இல்லம் உண்டு. அம்மாவட்டத்திலேயே மக்ஸிமஸ் என்னும் நிறுவனத்தார் 1997 முதல் யானைச் சாணத்திலிருந்து கடதாசி செய்து உலகெங்கும் விற்கின்றனர். யானை தின்னும் புல்லிலும் ஓலையிலும் பாதிக்கு மேல் செரியாது நாராகவே வெளிவரும். அதனை உலர்த்தி, நன்கு அவித்து, கழித்த தாளோடு சேர்த்துக் கூழாக்கிச் சல்லடையில் ஏந்தினால் தாள். வெள்ளைக்காரப் பயணிகள் அந்தத் தாளிலான குறிப்பேடுகளை வாங்கிப் போகின்றனர். அடுத்த மலையிலுள்ள நம் பிள்ளைக்கோ யானைச் சாணம் என்றால் மூக்கைப் பொத்துவது மட்டுமே தெரியும். சாணம் வேண்டாம்; ஆண்டிறுதியில் எறியும் பழங்கொப்பிகள் போதும். கிழித்து ஊறவைத்து உரலில் இடித்து, மரச்சட்டத்தில் நுளம்பு வலையை இழுத்துக் கட்டி அதிலே கூழை ஏந்தி, நீர் வடித்துக் கவிழ்த்தால் ஒரு தாள். சோற்றுக் கஞ்சி சிறிது சேர்த்தால் மை ஊறாது.

கவிழ்ப்பது எதன்மேல்? இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையால் தாள் செய்யும் நாடுகள் பலவற்றில் ஈரத்தாளைக் கம்பளித் துணியின்மேலே கவிழ்த்து, கம்பளிக்கும் கம்பளிக்கும் இடையே அழுத்துவர். ஃபெல்ட் என்று அவர்கள் சொல்வது அதனையே. நம் தோட்டத்தில் கம்பளியின் கதை யாருக்குத் தெரியாது! மழையிலே கொழுந்தெடுக்கும் பாட்டியின் தலையிலும் முதுகிலும் கிடந்தது; அதன் விலையையுஞ் சம்பளத்திற் கழித்துக்கொண்டார்கள். அவளுடைய பாட்டை எழுதப்போகும் தாள் அவளுடைய கம்பளியிலேயே பிறக்குமாயின் அதைவிடப் பொருத்தம் எது? கடையில் வாங்கும் வண்ண ஃபெல்ட்டில் ரோசா வெட்டுவது ஒரு கைப்பணி. இதுவும் ஒரு கைப்பணி. எது பிள்ளையின் கைக்கு நெருக்கமானது என்று ஆசிரியர்களே தீர்மானிக்கட்டும்.

தோலைப் பற்றியும் ஒரு சொல். தோட்டத்தில் தோலைப் பதப்படுத்தவும் இழுத்துக் கட்டவும் அறிந்தவர்கள் தப்புக் கட்டுவோர். சாவுக்கும் திருவிழாவுக்கும் அவர்களை அழைக்கிறோம், பாடசாலைக்கு அழைத்ததுண்டா? புத்தக முதுகுக்குத் தோலை எவ்வாறு மெலிதாகச் சீவுவது என்று காட்ட அவர்களினும் தகுந்த ஆசிரியரை எந்தப் பயிற்சிக் கலாசாலையும் தராது. இதைச் சொல்லும்போது சில ஆசிரிய நண்பர்களின் முகம் மாறுவதை நான் அறிவேன். மாறட்டும். சாதியைப் பற்றிப் பாரதி விழாவில் ஒரு மணி நேரம் பேசுவோர், தப்புக் கட்டுபவருக்கு வகுப்பில் ஒரு நாற்காலி போடுவதில் என்ன தடை?

எதிர்வாதங்கள் இரண்டைக் கேட்டிருக்கிறேன். கைப்பேசியிற் பதிவு செய்தால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலைக்கு ஊசியும் நூலும் எதற்கு என்பது முதலாவது. பதிவு செய்க, வேண்டாமென்று யார் சொன்னார்? நூலகம் என்னும் நிறுவனத்தார் 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஏடுகளையும் எண்ணிம வடிவிற் சேர்த்து வருவது நம் தலைமுறையின் பெருந்தொண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த இனத்துக்கு அதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாற் படியெடுப்பதற்கு முதலில் ஒரு பொருள் இருத்தல் வேண்டும். மேலும், ஒரு பாட்டை எழுதும் பிள்ளை பாட்டியை மூன்று முறை நிறுத்துகிறாள், “இந்தச் சொல்லுக்கு என்ன கருத்து, அம்மாயி?” என்று கேட்கிறாள். கைப்பேசி அவ்வாறு கேட்பதில்லை. தொலைந்த கைப்பேசியோடு தொலைந்த ஒப்பாரிகள் எத்தனை என்று நம் வீடுகளில் விசாரித்துப் பாருங்கள்.

மற்றது, பரீட்சை. கணிதத்திலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியுள்ள பிள்ளைகளுக்குப் புத்தகம் கட்டவா நேரம் என்பர். இதற்கு நான் எளிதில் விடை சொல்லமாட்டேன். அவர்கள் கூறுவதில் உண்மை உண்டு. ஆனால் கைப்பணிக்கு ஏற்கெனவே உள்ள வேளையைத்தான் நான் கேட்கிறேன். கணிதத்தின் வேளையை அன்று. 2022 மார்ச்சு மாதத்தில் தாளும் மையும் இல்லாமையால் மேல்மாகாணத்திலே தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். கொப்பியின் விலை ஏறிய ஏற்றத்தில், எங்கள் பிள்ளைகள் ஒரே கொப்பியை இரு பாடங்களுக்கு இரு பக்கத்திலிருந்தும் எழுதினர். அந்நாட்களில் எஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு கொப்பி மிச்சமாயிற்று.

கண்காட்சி முடிந்த மறு தவணையில் அந்தச் சிறுமியின் பாடசாலைக்குச் சென்றேன். புள்ளித்தாளைப் பற்றி அவளிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன். அவற்றுக்கு இடம் வாய்க்கவில்லை. “அம்மாயி போயிட்டாங்க, சேர்” என்றாள். ஒப்பாரி வைக்கத் தெரிந்தவர் லயத்தில் வேறு யாரும் இல்லாமையால், துட்டி வீட்டில் இவளுடைய புத்தகத்தைத்தான் எடுத்து வரச் சொன்னார்களாம். பெரியவர்கள் இவளைப் படிக்கச் செய்து, பின்தொடர்ந்து பாடியிருக்கிறார்கள். புத்தகத்தை என்னிடம் தந்தாள். கம்பளி உறையில் விபூதிக்கறை. ஒப்பாரிப் பக்கங்களிற் கண்ணீர் விழுந்து இரண்டு இடத்தில் எழுத்துக் கலைந்திருந்தது. நடுப்பாரத்தின் நூல் அறுந்து தாள்கள் வெளியே வந்துவிட்டன.

ஒட்டுநாடா இருக்கிறதா என்று அவள் கேட்டாள். என் பையில் ஊசியும் மெழுகு பூசிய நூலும் இருந்தன. இருவரும் பாடசாலைத் திண்ணையில் உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்தோம். கலைந்த எழுத்துகளை அவளே மனப்பாடமாகச் சொல்லி, ஈரத்துக்குக் கரையாத மையில் மீண்டும் எழுதினாள். ஐந்து துளையிட்டு, நாடா வைத்துத் தைத்து முடிக்கப் பள்ளி விடும் மணி அடித்தது. கடைசிப் பாரத்தில் எட்டுப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன; வெட்டிவிடலாமா என்றேன். அடுத்த லயத்தில் இன்னும் ஒரு பாட்டி இருக்கிறார், அவருக்கு வேண்டும் என்றாள்.